சரக்குக் கணக்கு: எக்ஸெல்லிலேயே ஓட்டுறதா, டேட்டாபேஸுக்கு மாறுறதா?

ஹட்டன் ஹாட்வெயார்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் டவுன்ல எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை, அப்பா தொடங்கினது. இப்ப நானும் தம்பியும் பார்க்கிறோம், உதவிக்கு ஒரு பையன் இருக்கான். சீமெந்து, தகரம், பெரிய பைப் எல்லாம் டிக்கோயாவில உள்ள ஸ்டோர்ல. ரெண்டு இடத்திலயும் சேர்த்து 1,800 சாமான் வரும். கணக்கு முழுக்க ஒரே எக்ஸெல் ஃபைல்ல. கடையில திறப்போம், பிறகு வட்ஸ்அப்ல ஸ்டோருக்கு அனுப்புவோம், அங்க திருத்தித் திரும்பி வரும்.

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். சாமான் பெயரை அகரவரிசைப்படுத்தினா தேடுறது லேசுன்னு தம்பி நினைச்சிருக்கான். பெயர் இருக்கிற நிரலை மட்டும் தெரிவு செஞ்சு வரிசைப்படுத்திட்டான். பக்கத்து நிரல்களையும் சேர்க்கவான்னு எக்ஸெல் கேட்டிருக்கு, இவன் வேண்டாம்னு அழுத்திட்டான். பெயரெல்லாம் இடம் மாறிருச்சு, எண்ணிக்கை இருந்த இடத்திலயே நின்னுருச்சு. அது தெரியாம ரெண்டு நாள் விற்பனையையும் அதுக்கு மேலயே கழிச்சிருக்கோம். சீமெந்து மூட்டைக்கு நேரே 2,340ன்னு நிக்குது. அது ஸ்க்ரூ ஆணியோட கணக்கு.

டேட்டாபேஸ், அதாவது கணக்கை அட்டவணைகளா வச்சு ஒரே நேரத்தில பல பேர் எழுதக்கூடிய மென்பொருள், செஞ்சு தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். எக்ஸெல்லே போதும்னு சித்தப்பா சொல்றார். கணக்கு இல்லாம கடை திறக்கவே கை கூசுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பேராதனை கணினி

முதலில் தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒரு அழுத்தில் கணக்கைத் தொலைத்த அலுவலகங்களை நானே பார்த்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் ஒவ்வொரு தடவை அனுப்பிய ஃபைலும் உங்களிடம் இருக்கும். தம்பி கை வைப்பதற்கு முந்தையதை எடுங்கள். அதற்குப் பிறகு வந்த பில் கொப்பியைப் பார்த்து இரண்டு நாளையும் மறுபடி கழித்தால் கணக்கு மீண்டுவிடும்.

அப்புறம் இரண்டு கேள்வி. கணக்கில் எத்தனை பேர் கை வைக்கிறீர்கள்? விற்றதும் வாங்கியதும் தனித்தனி வரியாக ஃபைலில் இருக்கிறதா, அல்லது பழைய மிச்சத்தை அழித்துவிட்டுப் புது மிச்சத்தை எழுதுகிறீர்களா?

ஹட்டன் ஹாட்வெயார்

நன்றி சேர், பழைய ஃபைல் கிடைச்சிருச்சு. கை வைக்கிறது மூணு பேர். மிச்சத்தைத்தான் மாத்துறோம். 38 இருந்து 5 வித்தா 33ன்னு எழுதிருவோம்.

கந்தப்பளை விதைக்கடை

தம்பி, நான் கந்தப்பளையில விதை, உரம், மருந்துக் கடை வச்சிருக்கேன். அஞ்சு வருஷமா எக்ஸெல்தான். சாமான் 300 கூட வராது, எழுதுறது நான் ஒருத்தி மட்டும். ராத்திரி கடை சாத்தினதும் அரை மணித்தியாலம் உட்கார்ந்து அன்றைய பில்லையெல்லாம் ஏத்திருவேன். இதுக்குப் போய் டேட்டாபேஸ் தேவையில்லைன்னுதான் சொல்வேன்.

ஆனா ஒரு இடத்தில அடி வாங்கினேன், அதைச் சொல்லணும். கரட் விதையும் லீக்ஸ் விதையும் காலாவதித் திகதியோட வரும். புதுசா வாங்கின லெப்டொப்ல திகதி அமைப்பு அமெரிக்க முறையில இருந்திருக்கு, எனக்குத் தெரியாது. 03/04ன்னு ஏத்தினா நமக்கு ஏப்ரல் 3, அது மார்ச் 4ன்னு எடுத்துக்கிச்சு. 25/04ன்னு ஏத்தினா இருபத்தஞ்சாவது மாதமே இல்லையே, அதனால அதை வெறும் எழுத்தா வச்சுக்கிச்சு. ஒரே நிரல்ல பாதி பிழையான திகதி, மீதி திகதியே இல்லை. வரிசைப்படுத்திப் பார்த்துப் பழசை முன்னால வைக்கிறதாத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். காலாவதியான விதை ஒரு விவசாயி கைக்குப் போயிருச்சு. முளைக்கல. அந்த மனுஷன் பாத்தி வெட்டி, உரம் போட்டு, ஆள் கூலி கொடுத்திருந்தார். விதைக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் இழந்த போகத்தை யார் கொடுக்கிறது? அன்னைக்கு இருந்து 2025-04-03 மாதிரி வருஷத்தை முன்னால போட்டுத்தான் எழுதுறேன்.

ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர்

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மிச்சத்தை அழித்து எழுதுகிறோம் என்று வாசித்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஸ்டோரில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பின் கார்ட், அதாவது அந்தச் சாமானின் வரவு செலவு எழுதும் அட்டை, தொங்கும். கவ்வாத்துக் கத்திக்கு ஒன்று, கொழுந்துக் கூடைக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று. திகதி, யாரிடமிருந்து வந்தது அல்லது யாருக்குப் போனது, வரவு, செலவு, மிச்சம் என்று கட்டம் இருக்கும். மிச்சம் என்பது மேலே உள்ள வரிகளைக் கூட்டிக் கழித்து வருவது, தன்பாட்டில் எழுதுவது அல்ல. அழிக்கிற ரப்பர் ஸ்டோருக்குள்ளேயே வரக்கூடாது. பிழை எழுதினால் சிவப்பு மையால் ஒரு கோடு, கீழே சரியான வரி, பக்கத்தில் கையொப்பம். அடித்த வரியும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கையளித்தபோது எங்கள் ஸ்டோரில் இருந்ததை ஆணி வரை எண்ணினார்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாத இடத்தில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த நாளில் எந்தக் கையில் பிசகியது என்று கண்டுபிடித்தோம். வெறும் மிச்சம் மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பழி என் தலையில்தான் விழுந்திருக்கும்.

பேராதனை கணினி

ஐயா, நான் விரிவுரையில் ஒரு மணித்தியாலம் சொல்வதைப் பின் கார்டை வைத்து நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

ஹட்டன் தம்பி, உங்கள் கேள்வியின் உயிர் இதுதான். எக்ஸெல்லா டேட்டாபேஸா என்பது இரண்டாவது. மிச்சத்தை எழுதுகிறீர்களா, அசைவை, அதாவது ஒவ்வொரு வரவையும் செலவையும், எழுதுகிறீர்களா என்பதே முதலாவது. மிச்சத்தை எழுதிக்கொண்டே டேட்டாபேஸுக்குப் போனாலும் இதே குழப்பம் அங்கேயும் வரும்.

இன்றைக்கே எக்ஸெல்லில் மூன்று தாள் போடுங்கள். முதல் தாளில் சாமான்: குறியீடு, பெயர், அலகு. இரண்டாவதில் அசைவு: திகதி, குறியீடு, கடையா ஸ்டோரா, வரவா செலவா, எண்ணிக்கை, விலை, எழுதியவர். இந்தத் தாளில் கீழே கீழே சேர்ப்பது மட்டும்தான், எந்த வரியையும் அழிக்கக்கூடாது. மூன்றாவது தாளில் மிச்சம். அதில் கையால் எதையும் எழுத வேண்டாம். சம்இஃப்ஸ் (SUMIFS) என்ற எக்ஸெல் சூத்திரம் அசைவைக் கூட்டிக் கழித்துக் காட்டும். முதல் தாளையும் மூன்றாவது தாளையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். குறியீட்டைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலில் இருந்து தெரிவு செய்கிற மாதிரி அமையுங்கள். நாளைக்கு டேட்டாபேஸுக்குப் போகும்போது இந்தத் தாள்கள் அப்படியே அட்டவணைகளாக ஏறும்.

இடம் போதுமா என்றால் போதும். உங்கள் கடையில் நாளுக்கு 120 பில், பில்லுக்கு 4 சாமான் என்று வைத்தால் 480 வரி. வருடத்துக்கு 300 நாள் திறந்தால் 144,000 வரி. எக்ஸெல்லின் ஒரு தாளில் 1,048,576 வரி கொள்ளும், ஏழு வருடம் ஓடும். பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலாக இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள், அது 65,536 வரியோடு நின்றுவிடும். 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் இந்த எல்லையைத் தாண்டிய வரிகள் விடுபட்டு, 15,841 கொவிட் தொற்றாளர்கள் கணக்கில் சேராமல் போனார்கள்.

இடம் முட்டும் முன்பே வேகம் முட்டும். 1,800 சாமானுக்கும் 144,000 வரியைத் தேடினால் 25 கோடியே 92 இலட்சம் ஒப்பீடு. ஒரு வருடம் முடிவதற்குள் உங்கள் லெப்டொப் திணறத் தொடங்கும்.

பண்டாரவளை ஹாட்வெயார்

நானும் இதே வியாபாரம்தான். பேராதனை சேர் சொன்னது சரி, ஆனா நீங்க மூணு பேர், ரெண்டு இடம். உங்களுக்கு எக்ஸெல் தற்காலிகம்தான்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஒரு ஃபைல் ரெண்டு இடத்துக்கு மாறி மாறிப் போனா எது கடைசிக் கணக்குன்னு யாருக்கும் தெரியாது. கடைசியா இருந்த வோட்டர் டேங்கை நான் கடையில ஒருத்தருக்கு வித்தேன், என் மனைவி ஸ்டோர்ல இன்னொருத்தருக்கு வித்தா. ரெண்டு பேர்கிட்டயும் முழுக் காசு வாங்கியாச்சு. ஒருத்தர் லொறியோட வந்து நின்னார். அந்த முகத்தைப் பார்த்த அன்னைக்குத்தான் டேட்டாபேஸுக்கு மாறினேன்.

இன்னொன்று கேட்கணும். உங்க ஃபைல்ல 3/4 அங்குலப் பைப் எல்போ எப்படி இருக்கு?

ஹட்டன் ஹாட்வெயார்

அண்ணே, இப்பத்தான் போய்ப் பார்த்தேன். அளவு நிரல்ல 3/4ன்னு எழுதினதெல்லாம் ஏப்ரல் 3ன்னு நிக்குது! 1/2 பெப்ரவரி 1 ஆயிருச்சு. எழுத்து வடிவத்துக்கு மாத்தினா 45750ன்னு என்னமோ நம்பர் வருது.

பண்டாரவளை ஹாட்வெயார்

அது 2025 ஏப்ரல் 3க்கு எக்ஸெல் உள்ளுக்குள்ள வச்சிருக்கிற எண். 1900ல இருந்து நாளை எண்ணி வச்சிருக்கு. திகதின்னு எடுத்ததுக்கு அப்புறம் நீங்க எழுதின 3/4 திரும்பக் கிடைக்காது, மறுபடி அடிக்கத்தான் வேணும். நிரலை முதல்லயே எழுத்து வடிவமா மாத்திட்டு அப்புறம் எழுதுங்க. நம்ம வியாபாரத்தில பாதிச் சாமான் 1/2, 3/4தான், அதனால இது சின்ன விஷயம் இல்லை.

பார்கோடும் அப்படித்தான். நம்ம நாட்டு நிறுவனங்களோட பார்கோடு 479ல தொடங்கி 13 இலக்கம் வரும். எக்ஸெல் அதைப் பெரிய எண்ணா எடுத்து 4.79E+12ன்னு சுருக்கிக் காட்டும். அந்தக் கோலத்திலயே காற்புள்ளி ஃபைலா (CSV) சேமிச்சா மீதி இலக்கமெல்லாம் போயே போயிரும்.

தெமோதரை தேயிலை

சாமானைப் பிரித்து விற்கிறவர்களுக்கு ஒரு சொல். நாங்கள் பிஓபிஎஃப் என்ற ரகத் தேயிலையை 50 கிலோ பையாக வாங்கி, 100 கிராம், 200 கிராம், 400 கிராம் பெக்கட்டாகக் கட்டுகிறோம். ஆரம்பத்தில் பையைப் பையாகவும் பெக்கட்டைப் பெக்கட்டாகவும் எழுதி இரண்டும் ஒட்டாமலே கிடந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படை அலகு கிராம். ஒரு பை பிரித்தால் தேயிலையில் 50,000 கிராம் செலவு, பெக்கட்டில் வரவு. 100 கிராம் பெக்கட் 500 வர வேண்டிய இடத்தில் 497தான் வரும். தூசியாகவும், தராசில் ஒரு சிட்டிகை கூடுதலாகவும் 300 கிராம் போகும். அதையும் 'கழிவு' என்று ஒரு வரியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த 300 கிராம் மாதக் கடைசியில் வேலை செய்கிற பிள்ளைகள் மேல் சந்தேகமாக வந்து விழும். எங்கள் பெக்கட் கட்டுகிற அக்காமார் எவ்வளவு நேர்மையானவர்கள் என்பது அந்தக் கழிவு நிரலை எழுதிய பிறகுதான் எனக்கே கணக்கில் தெரிந்தது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆணி, கம்பி, கயிறு விற்கிறவர்களுக்கும் இதே முறைதான். ஆணிக்குக் கிராம், கயிற்றுக்கு அடி.

கந்தப்பளை விதைக்கடை

உரத்துக்கும் இதேதான். எங்க பக்கத்து ஈரத்துக்கு யூரியா தண்ணியை இழுத்துக் கட்டியாகிரும். 50 கிலோ மூட்டையைப் பிரிச்சுக் கிலோக் கணக்கில விக்கும்போது நிறை எப்பவும் சரியா வராது. கழிவுக்குத் தனி வரி நானும் இனிப் போடுறேன்.

கண்டி கணக்காளர்

பேராதனைக்காரர் அசைவுத் தாளில் 'விலை' என்று ஒரு நிரல் போட்டதை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அதில் என் வேலை முழுவதும் இருக்கிறது.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஒரே பைப்பை மூன்று மாதத்தில் மூன்று விலைக்கு வாங்கியிருப்பீர்கள். சாமான் தாளில் ஒரே ஒரு விலையை வைத்து அதையே மாற்றிக்கொண்டிருந்தால், பழைய விலைக்கு வாங்கி விற்றதற்கெல்லாம் புது விலை ஏறி, போன மாத இலாபம் இந்த மாதம் நட்டமாகத் தெரியும். விற்ற நாளின் விலை அந்த விற்பனை வரியிலேயே நிலைக்க வேண்டும். 2024 ஜனவரி 1 இல் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானபோதும் இப்படித்தான் பலருடைய டிசம்பர்ப் பில்கள் 18 வீதத்தில் கணக்காகி என் மேசைக்கு வந்தன. வற் வீதமும் அந்த விற்பனை வரியிலேயே சேர்ந்து இருக்கட்டும்.

மிச்சச் சரக்கின் பெறுமதிக்கு, இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்கேஏஎஸ் 2 இன்படி முதலில் வந்தது முதலில் போகும் முறை அல்லது நிறையிட்ட சராசரி முறை. கடைசியாக வந்தது முதலில் போகும் முறைக்கு அனுமதி இல்லை. சராசரி முறையை எக்ஸெல்லில் சமாளிக்கலாம். முதலில் வந்தது முதலில் போகும் முறையை 1,800 சாமானுக்கு எக்ஸெல்லில் செய்ய முயன்ற ஒருவரும் வருடக் கடைசி வரை தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை. அதற்கு டேட்டாபேஸ் வேண்டும்.

ஹட்டன் ஹாட்வெயார்

இவ்வளவு விஷயம் இருக்கும்னு நினைக்கவே இல்லை. அப்ப டேட்டாபேஸ் செய்து தர்றேன்னு சொல்றவர்கிட்ட என்ன கேட்கணும்? இன்டர்நெட் இல்லாட்டி என்ன செய்றது? அப்பா காலத்துப் பட்டியல் தமிழ்ல இருக்கு, அது ஏறுமா?

கந்தப்பளை விதைக்கடை

தம்பி, என் தங்கச்சி வீட்டுக்காரர் கடையில டேட்டாபேஸ் போட்டாங்க. செய்து கொடுத்தவர் வெளிநாடு போயிட்டார். கடவுச்சொல் அவர்கிட்ட. ஒரு புது அலகு சேர்க்க முடியல, கணக்கை வெளிய எடுக்கவும் முடியல. மூணு வருஷக் கணக்கு உள்ளுக்குள்ள பூட்டிக் கிடக்கு. அதனாலதான் எனக்கு எக்ஸெல் மேல நம்பிக்கை. என் கணக்கு என் கையில.

பண்டாரவளை ஹாட்வெயார்

அக்கா சொல்றது நியாயம். அதுக்குப் பரிகாரம் டேட்டாபேஸை ஒதுக்கிறது இல்லை, பேசும்போதே பேசிக்கிறது. நான் ரெண்டு நிபந்தனை போட்டேன். கடவுச்சொல் என்கிட்ட இருக்கணும். எந்த நாளும் ஒரு பட்டனை அழுத்தினா எல்லா அட்டவணையும் எக்ஸெல்லா வெளிய வரணும். ரெண்டாவதை அவர் என் கண் முன்னால செய்து காட்டின பிறகுதான் மிச்சக் காசைக் கொடுத்தேன்.

பேராதனை கணினி

மூன்றாவதாக ஒன்று சேருங்கள். டிக்கோயாவிலிருந்து கடைக்கு 20 தகரம் மாற்றும்போது நடுவில் கரண்டை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டோரில் கழிந்து கடையில் சேராமல் 20 தகரம் அந்தரத்தில் நின்றால் அந்த வேலையை வாங்காதீர்கள். நல்ல டேட்டாபேஸில் இரண்டு வரியும் சேர்ந்து பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது. எக்ஸெல்லால் தர முடியாத காவல் இது, மலையகத்துக் கரண்டுக்கு இது அவசியம்.

எது என்று கேட்டால், ஒரே கணினி என்றால் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் தாராளம். இலவசம், முழுக் கணக்கும் ஒரே ஃபைல், பென் டிரைவில் பிரதி எடுக்கலாம். ஆனால் அந்த ஃபைலை வலையமைப்பில் பகிர்ந்து இரண்டு இடத்திலிருந்து எழுதக்கூடாது, கெட்டுப்போகும். உங்களுக்கு இரண்டு இடம், அதனால் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல். இவையும் இலவசம். கடைக் கணினியில் வைத்து, ஸ்டோரிலிருந்து இணையம் வழியாக எழுதலாம். இணையம் விழுந்தால் ஸ்டோர்க்காரர் பில் கொப்பியில் எழுதிவிட்டுப் பிறகு ஏற்ற வேண்டும். அந்தக் கொப்பியை என்றைக்கும் விடாதீர்கள்.

தமிழ்ப் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவை மாற்றியதும் 'ஆணி' என்பது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பாமினிதான். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றிவிட்டு ஏற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு: 'கொ' என்ற எழுத்தைக் கொம்பு வேறு கால் வேறாக அடித்தாலும், ஒன்றாக அடித்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. 'கொக்கி' என்று தேடினால் பாதிக் கொக்கி அகப்படாது. எனவே சாமானை எப்போதும் குறியீட்டால் பிடியுங்கள். பெயர் மனிதர் வாசிப்பதற்கு.

தெமோதரை தேயிலை

பிரதி பற்றி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்களுக்குக் கரண்டும் இல்லை, போனும் இல்லை, பாதையும் இல்லை. கடையில் இருந்த கணினிக்குள் சேறு புகுந்தது. பென் டிரைவ் பிரதி ஒன்று இருந்தது, அதுவும் அதே மேசை லாச்சிக்குள். கணக்கு பிழைத்தது கண்டியில் படிக்கிற மகளிடம் மாதம் ஒரு பிரதி கொடுத்து வைத்ததால்தான். இப்போது வாரம் ஒன்று கொடுக்கிறேன். பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும், நம்முடைய மலைக்கு அது முக்கியம்.

ஹட்டன் ஹாட்வெயார்

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். போயா நாளில கடையைச் சாத்தி மூணு பேரும் ரெண்டு இடத்தையும் எண்ணினோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ராத்திரி பதினொண்ணாச்சு. எண்ணினதை அசைவுத் தாளில ஆரம்ப வரவா ஏத்தியாச்சு. பேராதனை சேர் சொன்ன மூணு தாள்தான், இப்ப அதில ஓடுது. தம்பிதான் எழுதுறான், அவனே கேட்டு வாங்கிக்கிட்டான். போஸ்ட்கிரெஸ்ல செய்ய ஒருத்தரோட பேசியாச்சு. கடவுச்சொல், எக்ஸெல் பட்டன், கரண்டை நிறுத்திப் பார்க்கிறது, மூணுக்கும் ஒத்துக்கிட்டார். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மாறுவோம்.

ஸ்டோர்ல பையன் அட்டை வெட்டி ஒவ்வொரு தட்டுக்கும் பின் கார்ட் தொங்க விட்டிருக்கான். நேத்து 3/4 எல்போ கார்டில 112, தட்டில எண்ணினா 109. தாளில 112 தான். ஐயா, இந்த மூணை எப்படி எழுதுறது? ஆரம்ப வரவைக் குறைச்சிரலாமா?

ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர்

ஆரம்ப வரவைத் தொடாதீர்கள் தம்பி. இன்றைய திகதி போட்டு, செலவு 3, காரணம் 'எண்ணிக்கைக் குறைவு' என்று ஒரு புது வரி எழுதுங்கள். கார்டிலும் அதே வரி, எண்ணியவரும் நீங்களும் கையொப்பம் இடுங்கள். அடுத்த திங்கட்கிழமை அதே தட்டை மறுபடி எண்ணுங்கள். பக்கத்துத் தட்டு 1/2 எல்போவையும் சேர்த்து எண்ணுங்கள், அங்கே மூன்று கூடியிருக்கக் கூடும்.

ஹட்டன் ஹாட்வெயார்

ஐயா, திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல, இப்பவே பையனை அனுப்பி எண்ணச் சொன்னேன். 1/2 எல்போ தட்டில ரெண்டு கூட இருக்கு. ஒண்ணு இன்னும் காணோம், தேடுறோம்.